முதல் அட்வான்ஸ் எழுத்துக்குப் போகட்டும்: தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பணம் வைத்திருப்பவரிடம் கதை சொல்வது எவ்வளவு பெரிய கூத்து என்பதைத் தமிழ் சினிமா 1964-லேயே படம் பிடித்துவிட்டது. 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் நடித்த செல்லப்பாவுக்குப் படம் எடுக்க வேண்டும். கம்பெனி தயார், பெயரும் தயார்: ஓஹோ புரொடக்ஷன்ஸ். பணம் மட்டும் அப்பா விஸ்வநாதனிடம், அதாவது டி.எஸ்.பாலையாவிடம், இருக்கிறது. அந்த அப்பாவை உட்கார வைத்து மகன் ஒரு திகில் கதை சொல்கிறான். சத்தங்களையெல்லாம் தன் வாயாலேயே எழுப்புகிறான். பாலையா அதிகம் பேசுவதில்லை, பயப்படுகிறார், அவ்வளவுதான். இன்று வரை அந்தத் துண்டைக் கைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

நாகேஷால் ஓடிய காட்சி என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. ஊருக்கெல்லாம் பெரிய மனிதர், எஸ்டேட் முதலாளி, காசு விஷயத்தில் கறார். மகனை உதவாக்கரை என்று நினைப்பவர். அப்படிப்பட்டவர்தான் அந்த உதவாக்கரை சொல்லும் கதைக்கு நடுங்குகிறார். பாலையாவை அதுவரை படம் எப்படிக் காட்டிவந்தது என்பதில் இருக்கிறது மீதிப் பாதி. அது எழுத்து. அந்த எழுத்துக்காகத்தான் இந்த மடல்.

உங்களில் பலர் இப்போது காதல் நகைச்சுவைப் படங்களைத் தேடுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். நல்லது. பெரிய நடிகர்களின் சம்பளமும் சண்டைக்காட்சிகளின் செலவும் ஏறிய பிறகு, இரண்டு இளைஞர்கள், ஒரு வீடு, நாலு பாட்டு என்று ஒரு படம் உங்களுக்கு நிம்மதியாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தப் படத்தை நீங்கள் கேட்கும் விதம்தான் சரியில்லை. "ஒரு ஃபீல் குட் ஒன்லைன் இருந்தா சொல்லுங்க, காமெடியை ஸ்பாட்ல பாத்துக்கலாம்." கதை விவாத அறைகளில் இந்த வாக்கியத்தை நானே கேட்டிருக்கிறேன். சொன்னவர் கெட்டவர் இல்லை. சிரிப்பு என்பது நகைச்சுவை நடிகரின் கால்ஷீட்டோடு சேர்ந்து வரும் பொருள் என்று உண்மையாகவே நம்பினார்.

இந்த நம்பிக்கை தவறு என்று சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி, 'காதலிக்க நேரமில்லை'யை இயக்கிய ஸ்ரீதரின் திரைவாழ்க்கை. எழுத்தாளராக வந்து இயக்குநரானவர், கொஞ்ச காலம் உங்களைப் போலத் தயாரிப்பாளராகவும் இருந்தவர்.

1933-ல் பிறந்த ஸ்ரீதர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். 'எதிர்பாராதது' 1954-ல் வந்தபோது அவருக்கு இருபத்தொரு வயதுதான், அதன் கதை அவருடையது. அப்புறம் 'அமரதீபம்', 'உத்தமபுத்திரன்' என்று மற்றவர்கள் இயக்கிய படங்களுக்கு எழுதினார். 'கல்யாணப் பரிசு' மூலம் இயக்குநரானது 1959-ல். அதாவது, ஒரு காட்சி தாளில் எப்படி இருக்கிறது, திரையில் எப்படி மாறுகிறது என்பதை அடுத்தவர் இயக்கத்தில் ஐந்து வருடம் பார்த்த பிறகுதான் தன் படத்துக்கு வந்தார். இன்றைய புதுமுக இயக்குநருக்கு இந்தக் காலம் கிடைப்பதே இல்லை. ஒரு குறும்படம், உடனே ஒரு நடிகரின் தேதி, உடனே பூஜை.

'கல்யாணப் பரிசு' உங்களுக்குத் தெரிந்ததுதான். அக்காவும் தங்கையும் ஒரே ஆணை விரும்ப, தங்கை விட்டுக்கொடுக்கிறாள். அழுகைப் படம். அதே படத்தில் தங்கவேலு, எம்.சரோஜா ஜோடியின் நகைச்சுவையும் இருக்கிறது. மன்னார் அண்டு கம்பெனியில் வேலை என்று மனைவியிடம் புளுகுவார், எழுத்தாளர் பைரவன் நான்தான் என்று அளப்பார். அந்தக் காட்சிகள் மட்டும் தனி இசைத்தட்டாக வந்திருந்தாலும் விற்றிருக்கும். ஆனால் கவனித்துப் பாருங்கள், அந்த நகைச்சுவை மையக் கதைக்குப் பக்கத்து அறையில் நடக்கிறது. நாயகனும் நாயகியும் அங்கே எட்டிப் பார்ப்பார்கள், திரும்பிப் போய் அழுவார்கள். அழுகிற பகுதியில் எல்லோரும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதால் துன்பம் வருகிறது. சிரிக்கிற பகுதியில் தங்கவேலு சொல்லக்கூடாததை எல்லாம் சொல்வதால் வம்பு வருகிறது. மௌனம் நாயகனிடம், பொய் நகைச்சுவை நடிகரிடம். 1959-ல் ஸ்ரீதர் பிரித்துக்கொடுத்த விதம் இது. அன்றைய தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. இன்றும் உங்களில் சிலர் காமெடி டிராக் என்று தனியாக பட்ஜெட் போடுகிறீர்கள்.

ஐந்து வருடம் கழித்து 'காதலிக்க நேரமில்லை'யில் அவர் செய்தது ஒரு சின்ன இடமாற்றம். பொய்யை எடுத்து நாயகனின் கையில் கொடுத்துவிட்டார். வேலை போன அசோக்காக ரவிச்சந்திரன். தன்னை வேலையிலிருந்து நீக்கிய முதலாளியின் மகளையே காதலிக்கிறான். முதலாளியைச் சரிக்கட்ட, தான் பெரிய கோடீஸ்வரரின் மகன் என்று சொல்லிவிடுகிறான். கோடீஸ்வர அப்பா வேண்டுமே? நண்பன் வாசுவுக்குக் கிழவர் வேஷம் போட்டுக் கூட்டிவருகிறான். அந்த வாசு, அதாவது முத்துராமன், காதலிப்பதோ அதே முதலாளியின் இன்னொரு மகளை. இங்கிருந்து படத்தில் யாருமே சும்மா இருக்க முடியாது. பொய் ஒவ்வொருவரையும் பிடித்துத் தள்ளுகிறது. காதல் முன்னேற வேண்டுமானால் பொய் வளர வேண்டும், பொய் வளர்ந்தால் காதலுக்கே ஆபத்து. நகைச்சுவைக்குத் தனி டிராக் எதற்கு? நாகேஷ்கூட அந்த வீட்டுப் பிள்ளைதான், பெண்களின் சகோதரன். அவர் அப்பாவிடம் பணம் கேட்பதும், அசோக் அதே அப்பாவிடம் பெண் கேட்பதும் ஒரே கல்லாப்பெட்டியை இரண்டு பக்கமிருந்து தட்டுவதுதான்.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது பாலையாவின் பாத்திரம். படத்தின் உண்மையான நாயகன் அவர்தான் என்று வாதாடவும் தயார். 1936-ல் வந்த 'சதி லீலாவதி' காலத்திலிருந்து நடித்தவர், எத்தனையோ படங்களில் வில்லன். அப்படிப்பட்ட ஒருவரைக் காதல் படத்தில் தடையாக நிறுத்தினால் மிரட்டுவார் என்று எதிர்பார்ப்போம். மாறாக, பணக்காரச் சம்பந்தி என்றதும் அவர் குழைகிற குழைவில்தான் படம் நிற்கிறது. காதலர்களுக்கு எதிரி கொடுமைக்காரரோ ஊரோ இல்லை, ஒரு மனிதரின் ஆசை. ஆசைக்காரரை ஏமாற்றலாம். ஏமாற்றுவதைப் பார்த்து நாம் குற்ற உணர்ச்சி இல்லாமல் சிரிக்கலாம். இந்த அப்பாவை எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

தனியாக உட்கார்ந்து எழுதவில்லை என்பதும் முக்கியம். ஸ்ரீதரின் சின்ன வயது நண்பர் கோபு கூட இருந்தார். பின்னால் ஸ்ரீதரின் படக் கம்பெனியான சித்ராலயாவின் பெயரே ஒட்டிக்கொண்டு சித்ராலயா கோபு ஆனவர். இரண்டு பேரும் மெரினா கடற்கரையில் காரை நிறுத்திவிட்டுக் கதை பேசுவார்கள் என்பது கோடம்பாக்கத்தில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. நகைச்சுவை எழுதுகிறவனுக்கு எதிரே சிரிக்கவோ சிரிக்காமல் இருக்கவோ ஒரு ஆள் வேண்டும். முன்னதைவிடப் பின்னதுதான் அதிகம் உதவும். சோகக் காட்சியைத் தனியாக எழுதிவிடலாம், எழுதும்போதே நமக்கு அழுகை வந்தால் போதும். சிரிப்பு அப்படி இல்லை. எழுதியவனுக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் தெரியும்.

கோபுவை ஸ்ரீதரின் நிழலாகப் பேசுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். 'காசேதான் கடவுளடா' 1972-ல் அவர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரிப்பாக வந்தது. மேடை நாடகமாக இருந்து படமான கதை. அதிலும் முத்துராமன், அதிலும் ஒரு வேஷம். இந்த முறை தேங்காய் சீனிவாசன் போலிச் சாமியார். வீட்டில் பணம் பூட்டியிருக்கிறது, பிள்ளைகளுக்கு அது வேண்டும், நடுவில் மனோரமா காவல். 'காதலிக்க நேரமில்லை'க்கும் இதற்கும் எலும்பு ஒன்றுதான். எழுதத் தெரிந்தவரிடம் ஒரு நிறுவனம் படத்தையே கொடுத்தது, அவர் அதை நடத்திக் காட்டினார். வசனம் எழுதுகிறவர்களை டிஸ்கஷனுக்கு மட்டும் கூப்பிட்டு, டிபன் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம் உள்ளவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நடிகர் விஷயத்துக்கு வருகிறேன், நீங்கள் முதலில் கேட்கும் கேள்வி அதுதானே. 1964-ல் ரவிச்சந்திரன் புதுமுகம். விமானப் பணிப்பெண்ணாக இருந்த காஞ்சனாவுக்கும் அதுதான் முதல் பெரிய வாய்ப்பு. முத்துராமன் அதற்கு இரண்டு வருடம் முன்பு இதே ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்த கணவர். அவரைக் கொண்டுவந்து தாடி ஒட்டிக் கிழவராக்கினார்கள். சச்சு 'வீரத்திருமகன்' படத்தில் கதாநாயகியாக நடித்து அதிக நாள் ஆகவில்லை, இங்கே நாகேஷுக்கு ஜோடி. பெரிய நட்சத்திரம் என்று யாரும் இல்லை. ஆனால் ஈஸ்ட்மென் கலர் உண்டு, வின்சென்ட்டின் ஒளிப்பதிவு உண்டு, விஸ்வநாதன் ராமமூர்த்தியின் இசை உண்டு. ஆழியாறு அணைப் பக்கம் போய் வேலை வேண்டும் என்று ஒரு போராட்டத்தையே பாட்டாக எடுத்தார்கள். ஆக, காசு செலவழிக்கத் தயங்கவில்லை. நட்சத்திரத்தின் மேல் செலவழிக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பணம் திரையில் தெரிகிறது.

"அது நாகேஷ், பாலையா காலம். அப்படி ஆட்கள் இப்போது எங்கே?" என்று கேட்பீர்கள். இதற்குப் பதில் உங்களுக்குப் பழக்கமான மொழியிலேயே இருக்கிறது: ரீமேக் உரிமை. தெலுங்கில் 1965-ல் 'ப்ரேமிஞ்சி சூடு', இந்தியில் 1966-ல் 'பியார் கியே ஜா', கன்னடத்தில் 1979-ல் இன்னொன்று. இந்தியை இயக்கியது ஸ்ரீதரே. அங்கே நாகேஷ் இல்லை, மெஹ்மூத். பாலையா இல்லை, ஓம் பிரகாஷ். அந்தப் பேய்க்கதைக் காட்சியை இந்தி ரசிகர்களும் தங்கள் சொத்தாகத்தான் கொண்டாடுகிறார்கள். ஆள் மாறி, மொழி மாறி, ஊர் மாறியும் ஒரு காட்சி சிரிக்க வைக்கிறது என்றால் அது எங்கே இருந்திருக்க வேண்டும்? தாளில்தான். மெஹ்மூதின் நடிப்பா நாகேஷின் நடிப்பா என்று தனியாக ஒரு சண்டை போடலாம். நான் நாகேஷ் கட்சி, ஆனால் அது வேறு விஷயம்.

ஸ்ரீதரின் எல்லாப் படங்களையும் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. சித்ராலயாவின் முதல் படம் 'தேன் நிலவு' 1961-ல் காஷ்மீர் வரை போய் எடுக்கப்பட்டது. ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா, ஏ.எம்.ராஜாவின் பாட்டுகள், எல்லாம் சரி. இன்று பார்த்தால் பாட்டுகளுக்காகவும் ஊருக்காகவும்தான் பார்க்கிறேன். கதை அங்கங்கே காற்று வாங்கப் போய்விடுகிறது. ஆனாலும் அந்தப் படம் அவருக்குத் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். காதலையும் கேலியையும் ஒரே ஆட்கள் செய்யலாம் என்று முயன்று பார்த்த இடம் அது. 1959-க்கும் 1964-க்கும் நடுவில் இப்படி ஒரு பயிற்சிப் படம் இருந்தது. இன்று ஒரு இயக்குநரின் படம் சுமாராகப் போனால் அடுத்த முறை அவர் அழைத்தால் நீங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பெண்ணைச் சீண்டுவதே காதலின் முதல் படி என்று அந்தக் காலப் படங்கள் நினைத்தன. 'காதலிக்க நேரமில்லை'யும் அதற்கு விலக்கில்லை. ரவிச்சந்திரன் இரண்டு பெண்களையும் சுற்றிச் சுற்றிக் கேலி பாடும் இடத்தை இன்று ஒரு பெண்ணோடு உட்கார்ந்து பார்த்தால் கொஞ்சம் நெளியத்தான் வேண்டியிருக்கிறது. பழைய வெற்றியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னால் நம்மவர்கள் சரியாக இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். துரத்தலை எடுத்தார்கள், அப்பாவை விட்டார்கள். அடுத்த முப்பது நாற்பது வருடம் தமிழ்க் காதல் படங்களில் துரத்தல் பெருகியதையும் நல்ல நகைச்சுவை அப்பாக்கள் குறைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1967 தீபாவளிக்கு ஒரு வேடிக்கை நடந்தது. சிவாஜி கணேசன் நடித்த இரண்டு படங்கள் ஒரே நாளில், நவம்பர் 1-ஆம் தேதி, வெளியாயின. ஒன்று 'இருமலர்கள்', இன்னொன்று ஸ்ரீதரின் 'ஊட்டி வரை உறவு'. அழுகைக்கு ஒன்று, சிரிப்புக்கு ஒன்று. அவ்வளவு பெரிய நடிகரை வைத்துக்கொண்டு காதல் நகைச்சுவை எடுத்தபோதும், சிக்கலின் முடிச்சை ஸ்ரீதர் எங்கே வைத்தார் தெரியுமா? மறுபடியும் பாலையாவிடம். வெளியே சொல்ல முடியாத ஒரு பழைய உறவு அவருக்கு. அதை மூடி மறைக்க அவர் படும் பாட்டில் படம் ஓடுகிறது. நட்சத்திரம் சுற்றி வந்து விளையாடுகிறார். இன்று ஒரு முன்னணி நடிகரிடம் போய், "சார், முடிச்சு உங்களிடம் இல்லை, அப்பா பாத்திரத்திடம்" என்று சொல்ல உங்களில் எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

அப்புறம் ஸ்ரீதர் இந்த வகைப் படங்களை அதிகம் எடுக்கவில்லை. 'சிவந்த மண்'ணில் வெளிநாடு, எழுபதுகளில் எம்.ஜி.ஆருடன் 'உரிமைக்குரல்', 'மீனவ நண்பன்', 1978-ல் 'இளமை ஊஞ்சலாடுகிறது', 1985-ல் 'தென்றலே என்னைத் தொடு', 1991-ல் 'தந்துவிட்டேன் என்னை'. அவர் 2008 அக்டோபரில் காலமானபோது காதல் சோகங்களின் இயக்குநராகவே பெரும்பாலும் நினைவுகூரப்பட்டார். முக்கோணக் காதல், தியாகம், கேமரா கோணம். அவர் வாழ்நாள் முழுக்க எடுத்தவற்றில் மக்கள் அதிகமாகத் திரும்பத் திரும்பப் பார்ப்பது முப்பது வயதில் அவர் எடுத்த சிரிப்புப் படம் என்பதே என் கணிப்பு. ஆனால் மேடையில் பேசும்போது அதை ஜாலியான படம் என்று ஒரு வரியில் தாண்டிவிடுவோம். அழ வைத்தவர் கலைஞர், சிரிக்க வைத்தவர் பொழுதுபோக்காளர் என்ற கணக்கு ரசிகர்களிடம் இருக்கிறது, விமர்சகர்களிடம் இருக்கிறது, உங்கள் சம்பளப் பட்டியலிலும் இருக்கிறது.

சரி, என்னதான் கேட்கிறேன்? காதல் நகைச்சுவை என்று ஒரு படத்தை முடிவு செய்தால், நடிகருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எழுத்துக்குக் கொடுங்கள். ஒருவருக்கு இல்லை, குறைந்தது இரண்டு பேருக்கு, ஆறு மாதம் வேறு வேலை பார்க்காமல் இருக்கும் அளவுக்கு. முழு வசனத்தோடு பவுண்ட் ஸ்கிரிப்ட் வந்ததும், அதை நடிகர்கள் இல்லாமல், பின்னணி இசை இல்லாமல், உங்கள் அலுவலகத்தில் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கணக்குப் பிள்ளையையும் டிரைவரையும் கூட உட்கார வையுங்கள். அவர்கள் சிரிக்காத இடத்தில் எந்த நடிகரின் கவுண்டர் வசனமும் உங்களைக் காப்பாற்றாது. ஒரு சண்டைக்காட்சி ஒருநாள் தள்ளிப்போனால் ஆகும் செலவில் இந்த ஆறு மாதத்தில் பெரும்பகுதி அடங்கிவிடும். படப்பிடிப்புச் செலவு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், நீங்களே கூட்டிப் பாருங்கள்.

கதை சொல்ல வருகிறவரிடம் "ஹீரோ என்ட்ரி எப்படி?" என்று தொடங்காதீர்கள். யார் யாரிடம் என்ன மறைக்கிறார்கள் என்று கேளுங்கள். அதற்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாதவரிடம் இன்னும் படம் தயாராகவில்லை, திரும்ப எழுதச் சொல்லி அனுப்பலாம். சாதி, வர்க்கம் என்று காதலுக்கு இன்றும் தடைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைச் சோகமாகவும் ரத்தமாகவும் எடுத்த நல்ல படங்கள் வந்திருக்கின்றன. அதே தடையின் மேல் நின்றுகொண்டு சம்பந்தப்பட்ட பெரியவர்களின் பாசாங்கைப் பார்த்துச் சிரிக்கும் படம்தான் குறைவு. வரன் தேடும் செயலியில் மகனின் சம்பளத்தைக் கூட்டிப் போடும் அப்பா, பாலையா நடித்த அந்த விஸ்வநாதனின் பேரன் இல்லாமல் வேறு யார்?

இன்னொரு வேண்டுகோள், உங்கள் சங்கங்களுக்கு. பழைய படங்களின் தலைப்பை வாங்குவதில் காட்டும் ஆர்வத்தில் கொஞ்சம், அந்தப் படங்களின் திரைக்கதையையும் வசனத்தையும் அச்சில் கொண்டுவருவதில் காட்டலாம். உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடிப் பிடிக்க உங்களால்தான் முடியும், என்னைப் போன்றவர்கள் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். எழுத வருகிற இளைஞர்கள் இப்போது படத்தை நிறுத்தி நிறுத்தி வசனத்தைக் கையால் எழுதிப் படிக்கிறார்கள். காட்சி எங்கே முடிகிறது, பாலையா எத்தனையாவது வரியில் வாயைத் திறக்கிறார் என்பதெல்லாம் தாளில் பார்த்தால்தான் பிடிபடும்.

இதில் எதுவும் நடக்காது, வியாபாரம் வேறு மாதிரி ஓடுகிறது என்றால், அதையும் காரணத்தோடு எழுதுங்கள். ஓடிடி நிறுவனங்கள் நடிகரின் பெயரைப் பார்த்துத்தான் விலை பேசுகின்றன என்பது முதல் காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியென்றால் உங்களில் நாலு பேர் சேர்ந்து, முழுத் திரைக்கதையை வாசித்துக் காட்டி விலை பேச ஒரு முறையாவது அவர்களைக் கூப்பிடுங்கள். வாசிக்க ஆள் கிடைக்காவிட்டால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன். சத்தங்களையெல்லாம் என் வாயாலேயே எழுப்பிவிடுகிறேன்.

மரியாதையுடன்,
திரைக்கதை எழுதிப் பிழைக்க முயலும் ஒருவன்